யாரும் சத்தியம் வாங்காத ஓட்டு

செத்துப்போன என் மாமியாருக்கு ஓட்டு இருந்தது. உயிரோடு இருந்த எனக்கு இல்லை. இன்றைக்கு இதைச் சொன்னால் என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது.

விளாங்குடியில் நான் பிறந்த வீட்டுக்கு ஓட்டுப் பட்டியலுக்குப் பெயர் எழுத ஆள் வந்தபோது எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அப்பா வாசலிலேயே நின்று, "கட்டிக் குடுக்கப் போற பிள்ளை சார். போற எடத்துல சேத்துக்கிருவாக" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறு வருஷம் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். போன இடம் அலங்காநல்லூர்ப் பக்கம், கரும்பும் நெல்லும் போடுகிற ஒரு ஊர். அங்கே எனக்கு முன்பே என் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் பெயரும் என் பெயரும் ஒன்று.

அவர் என் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெற்ற தாயின் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியை எப்படி அழைப்பது என்று என் வீட்டுக்காரருக்குக் கூச்சம். மாமாவோ மாமியார் இருந்த காலத்திலேயே அவர் பெயரைச் சொன்னவர் இல்லை. அதனால் நான் 'பெரியவள்' ஆனேன். சின்னவள் என்று ஒருத்தி வருவதற்கு முன்பே நான் பெரியவள் ஆகிவிட்டேன்.

ஓட்டுப் பட்டியலைச் சரிபார்க்க ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். வாத்தியார் மாமியார் பெயரில் பேனாவை வைத்து, "அம்மா தவறிட்டாக. பேரை அடிச்சிரலாமா?" என்று கேட்டார். மாமா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் வாத்தியாரே. அந்தப் பேர்ல வீட்ல இன்னொரு ஆளு இருக்குல்ல."

வாத்தியாரும் சரி என்று மூடிவைத்துவிட்டுப் போனார். மாமா செய்ததில் பாசம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசத்தில் போனது என் ஓட்டு. அடுத்த தேர்தலுக்கு நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்த அலுவலர் பட்டியலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இதுல வயசு அறுபத்தொண்ணுன்னு இருக்கேம்மா. வீட்டுக்காரர் பேரும் வேறயா இருக்கு" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் வெறும் கையோடு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து, என் மாமியார் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம், 'அங்கே போயும் அந்த ஓட்டை விடமாட்டீர்களா அத்தை' என்று மனதுக்குள் கேட்பேன். செத்தவர் மேல் பொறாமைப்பட்ட மருமகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் சின்னவள் வந்தாள்.

கொழுந்தனுக்குத் திருப்பரங்குன்றத்தில் பெண் எடுத்தார்கள். அவள் அப்பா அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தவர், விவரமானவர். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதமே மகள் பெயரை அங்கே நீக்கி இங்கே சேர்க்க எல்லாத் தாள்களையும் அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பெண்ணுக்குச் செய்யும் சீரில் அதுவும் ஒன்று என்பதுபோல் செய்தார். எனக்கும் ஒரு அப்பா இருந்தாரே!

முதல் தேர்தலில் அவள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மாம்பழ நிறச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. இடது கை விரலைத் தனியாகத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். அடுப்படியில் பாத்திரம் குவிந்து கிடந்தது. "அக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்கு நீங்க வெளக்கிருங்களேன். மை அழிஞ்சிரும்" என்றாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் ஒரு மாதம் போகாத மை அது என்று எனக்குத் தெரியாதா? எல்லாப் பாத்திரத்தையும் நானே விளக்கினேன். ஒவ்வொன்றையும் கவிழ்க்கும்போது கொஞ்சம் சத்தமாகத்தான் கவிழ்த்தேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சின்னவள் கெட்டவள் இல்லை. என் மகளுக்கு அவள்தான் தலை பின்னிவிடுவாள். எனக்கு உடம்பு முடியாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். இதெல்லாம் என் எரிச்சலை இன்னும் அதிகமாக்கியது. கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

ஓட்டுக்குப் போட்டோ பிடித்து அட்டை கொடுக்கிறார்கள் என்று ஒருநாள் தண்டோரா வந்தது. ஊரே பவுடர் பூசிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஆடு மாடு பார்க்க நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கொஞ்ச நாளில் அட்டை வந்தது. போட்டோவில் சின்னவள் திருடியைப் போல இருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு மாட்டுக்கொட்டத்துக்குப் போய் அழுதேன். அந்தத் திருட்டு முகமாவது எனக்கு இருக்கக் கூடாதா என்று இருந்தது.

எப்படியாவது ஓட்டு வாங்கிவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "இருக்கிற ஓட்டுப் போதும் விடு. நீ ஒருத்தி போட்டுத்தான் ஆட்சி மாறப் போகுதாக்கும்?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன், அவரிடம் கேட்பதை மட்டும். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விளாங்குடிக்குக் கிளம்பினேன். பீரோவிலிருந்த ரேஷன் கார்டை எடுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். வழியில் இறங்கித் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அதுவரை வீட்டு ஆம்பிளை கூட வராமல் நான் எந்த ஆபீசுக்குள்ளும் கால் வைத்ததில்லை. பன்னிரண்டாவது பாஸ் செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனு வாங்கியவர், "வீட்டுக்காரர் வரலையா?" என்றார்.

"அவுக வேலையா இருக்காக."

"அவர் பேரு?"

சொல்லப் பழக்கமில்லை. பேனாவை வாங்கி நானே எழுதினேன். வயதையும் எழுதினேன், இருபத்தாறு. அவர் வாங்கி ஒரு கட்டோடு வைத்தார். சேர்ந்ததா இல்லையா என்று ஒரு தகவலும் வரவில்லை. பல மாதம் கழிந்தது. அந்தக் கட்டோடேயே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். டீக்கடையில் பத்து நாளைக்கு இதே பேச்சு. பொம்பளைக்கு ஓட்டுப் போடுவதா என்று பொருமினார்கள். பிறகு அவரவர் வீட்டுப் பெண்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள். பல வருஷமாகத் தலைவராக நிற்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர் என் கொழுந்தன். ஒரு நாள் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது, "நம்ம வீட்ல இருந்து சின்னவளை நிறுத்திரலாம்" என்றார்.

சின்னவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு எங்கே அதற்கு நேரம்? மூத்தவள் நான், பன்னிரண்டாவது படித்தவள் நான். அவள் பத்தாவதோடு நின்றவள். வாய் தவறி, "ஏன் தம்பி, மூத்தவ ஒருத்தி இருக்கேன்ல" என்று கேட்டே விட்டேன்.

கொழுந்தன் சிரித்தார். "ஓட்டே இல்லாத ஆளு நிக்க முடியாது மதினி. சட்டம் அப்படி."

மாமா தலையைக் குனிந்து சாப்பிட்டார். வீட்டுக்காரர் மோர் கேட்டார். நான் மோர் எடுக்க உள்ளே போய், பானையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம் வீடு கல்யாண வீடு ஆனது. சுவர் முழுக்கச் சின்னவள் பெயர், பூட்டு சாவி சின்னம். வாழ்நாளில் என் பெயர் ஒரு வாயில்கூட வராத ஊரில், அவள் பெயரை மைக் வைத்துக் கத்திக்கொண்டு ஆட்டோ போனது. நோட்டீசில் அவள் கும்பிடுகிற படம், பக்கத்தில் அதைவிடப் பெரியதாகக் கொழுந்தன் கும்பிடுகிற படம். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டது நான்.

எதிரே நின்றது பஸ் ஸ்டாப்பில் தையல் மிஷின் போட்டிருந்த ஒரு பெண். புருஷன் விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர்க் குழாய் சின்னம். கூட ஆள் இல்லை, ஆட்டோ இல்லை. ஒரு மஞ்சள் பையோடு வீடு வீடாகத் தனியாக நடந்தார். எதிராளி வீடு என்று பார்க்காமல் எங்கள் வாசலுக்கும் வந்தார். நான்தான் நின்றேன்.

"எனக்கு ஓட்டு இல்லக்கா" என்றேன்.

"இல்லாட்டி என்ன, கேட்டுக்கங்க. பொம்பளைக ஒதுங்கப் போறதுக்குக் கம்மாக்கரை வரைக்கும் நடக்குறோம்ல. அதுக்கு ஒரு எடம் கட்டணும். மத்ததெல்லாம் அப்புறந்தான்" என்று சொல்லிவிட்டு, கும்பிடக்கூட மறந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அச்சடித்த பட்டியல் வந்ததும் கொழுந்தன் அதைக் கூடத்தில் விரித்து, நம் வீட்டு ஓட்டுகளை டிக் அடித்தார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் உச்சுக்கொட்டினார்.

"பாருங்கப்பா, அம்மா பேரு ரெண்டு எடத்துல விழுந்து கெடக்கு. முன்னாடியும் இருக்கு, இங்க கடைசிலயும் இருக்கு. அச்சடிச்சவன் தூங்கிட்டான் போல."

மாமா, "செத்தவ ஓட்டை யாரும் தொடக் கூடாது. வீட்டுக்கு ஆகாது" என்றார். கொழுந்தனும் அந்தப் பெயரை டிக் அடிக்காமல் விட்டுவிட்டார்.

அவர்கள் எழுந்து போன பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். என் பெயர். கணவர் பெயர் இருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர். வயது இருபத்தாறு. அது அத்தை இல்லை, நான்! பெயரைப் பார்த்ததும் அம்மா என்று நினைத்துவிட்டார், பக்கத்துக் கட்டத்தைப் படிக்கவே இல்லை. ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். சொன்னால் அதுவும் பூட்டு சாவியின் கணக்கில் சேர்ந்துவிடும். தாளை இருந்த மாதிரியே மடித்து வைத்துவிட்டு வெங்காயத்தை உரித்தேன்.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு சத்தியம் வாங்கினார்கள். எங்கள் பக்கம் அது ஒரு வழக்கம். பெண்கள் ஓட்டு எங்கே சாயும் என்று ஆண்களுக்கு நம்பிக்கை இல்லாதபோது அம்மன் கோயிலுக்குக் கூட்டிவந்து, தட்டில் சூடம் ஏற்றி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். ஒருமுறை சூடத்தில் கை வைத்தவள் மாற்றிப் போடமாட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் இருக்கும், புருஷன் இருப்பான், மனம் நடுங்கும். தெருப் பெண்கள் எல்லோரும் காலையிலேயே வந்து நின்றார்கள். நல்லதாகத் தொடங்கட்டும் என்று முதல் சத்தியம் சின்னவளிடமே வாங்கினார்கள். வேட்பாளரே கை வைத்தால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள் என்பது கொழுந்தனின் யோசனை.

தட்டைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"மதினி, நீங்க பிடிங்க. உங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே" என்றார் கொழுந்தன்.

பிடித்தேன். ஒவ்வொருத்தியாக வந்து, தீயின் மேல் கையை வைத்து, "எங்க வீட்டு ஓட்டு பூட்டு சாவிக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். சூடம் அணைய அணைய நான் புதிதாக வைத்துக்கொண்டே இருந்தேன். தட்டின் சூடு கையில் ஏறியது. சிலர் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்கள். தெருவில் அத்தனை பெண்களின் ஓட்டும் என் கைத் தட்டில் கட்டுப்பட்டுப்போனது. என்னுடையது மட்டும் கட்டுப்படவில்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்ததும் போனேன். பூத்துக்குள் எங்கள் பக்கத்து ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தது கொழுந்தனின் சிநேகிதர். என்னைப் பார்த்ததும் கண் சிமிட்டினார். மாமியார் ஓட்டைக் கள்ளத்தனமாகப் போட வந்திருக்கிறேன் என்று அவருக்கு நினைப்பு. வார்டு மெம்பருக்கு நின்ற வேறொருவரின் ஏஜெண்ட் உடனே, "இந்தப் பேர்ல இருக்கிற அம்மா செத்துப் போச்சுங்க. இது கள்ள ஓட்டு" என்று எழுந்தார்.

"அது எங்க அத்தை. இது நான். கடைசிப் பக்கத்தைப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அலுவலர் பக்கத்தைப் புரட்டி என் பெயரை உரக்கப் படித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் என் பெயரை ஒருவர் முழுதாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். கணவர் பெயரைப் படித்தார், வயதைப் படித்தார். எழுந்து நின்ற ஏஜெண்ட் உட்கார்ந்தார். விரலில் மை வைத்தார்கள். நிறம் நிறமாகச் சீட்டுகளும் முத்திரையும் கொடுத்தார்கள்.

அட்டை மறைப்புக்குள் நின்று தலைவர் சீட்டை விரித்தேன். பூட்டு சாவியைப் பார்த்தேன். மாம்பழ நிறச் சேலை நினைவுக்கு வந்தது. பாத்திரம் நினைவுக்கு வந்தது, மைக் கட்டிய ஆட்டோ, மோர்ப் பானை, எல்லாம் வந்தது. கம்மாக்கரை நினைவுக்கு வரவில்லை. தையல்காரப் பெண் நினைவுக்கு வரவில்லை. இந்தா வாங்கிக்கொள் என்று தண்ணீர்க் குழாயின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். மேசை ஆடியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு எப்போதாவது இருந்ததா என்று தெரியவில்லை.

வீட்டில் என் விரலைப் பார்த்ததும் கொழுந்தன் கைதட்டிச் சிரித்தார். "மதினி கமுக்கமா இருந்து ஒரு ஓட்டைக் கூட்டிட்டாக பாத்தீகளா!" யாருக்குப் போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

சின்னவள் ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஜெயித்தாள். வெடி வெடித்தார்கள். அவள் கழுத்தில் விழுந்த மாலையை அவளே கழற்றிக் கொழுந்தன் கழுத்தில் போட்டாள், எல்லோரும் கைதட்டினார்கள். என் ஓட்டு தோற்றுப்போனதில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் அவளுடைய சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அவள் அம்மன் படத்தின் முன்னால் விழுந்து விழுந்து அழுதாள். சாதாரணக் காய்ச்சலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, தலைவரம்மா ஆனதும் எல்லாமே பெரிதாகத்தான் இருக்கும்போல என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தை மாதம். நானும் அவளும் பின்வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். கொழுந்தன் ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.

"இதுல கையெழுத்துப் போடு."

"என்னது இது?" என்றாள்.

"போடுன்னா போடு. படிச்சு என்ன செய்யப் போற?"

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வரிசையாகப் போட்டாள். அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனார். பஞ்சாயத்து ஆபீசில் அவர்தான் உட்காருவார். அவள் ஜெயித்த அன்றைக்குப் போனவள், அதற்குப் பிறகு அந்த ஆபீசின் படி ஏறவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கையெழுத்தின் மேல் எனக்குப் பொறாமை.

"என்ன தலைவரம்மா, கையெழுத்தெல்லாம் சும்மா பறக்குது?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வண்டிச் சத்தம் தேய்கிற வரைக்கும் மொச்சையை உரித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா வெளிய சொல்ல மாட்டீகளே?"

"சொல்லு."

"நான் எனக்குப் போடலக்கா. தையக்காரம்மாவுக்குத்தான் குத்துனேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "சூடத்துல கை வச்சியேடி?"

"வச்சேன். எல்லாருக்கும் முன்னாடி வச்சேன். அதான் பிள்ளைக்குக் காச்சல் வந்தப்ப உசுரே போயிருச்சு. என்னாலதான்னு நெனச்சு அம்புட்டு அழுதேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் நிக்கிறேன்னு யார்ட்டக்கா சொன்னேன்? அந்தம்மா நம்ம வாசல்ல பேசிட்டுப் போச்சுல்ல, உள்ள நின்னு கேட்டேன். அது தானா நிக்குது. என்னைய நிறுத்தி வச்சிருக்காக. கம்மாக்கரைக்கு நடக்குறது எனக்கும்தானே தெரியும்?"

நானும் அங்கேதான் குத்தினேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே சின்னத்தில் குத்தியிருக்கிறோம். கட்டிப்பிடித்துச் சிரித்திருக்கலாம். ஆனால் அவள் நெருப்பில் கை வைத்துவிட்டு, பிள்ளையை நினைத்து நடுங்கிக்கொண்டே போய்க் குத்தியிருக்கிறாள். நான் எந்தப் பயமும் இல்லாமல், அவளுடைய சேலையை நினைத்துக் குத்தியிருக்கிறேன். மனுக் கொடுத்து, மறைத்து, சண்டை போட்டு வாங்கிய ஓட்டு. அதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே நின்றுவிட்டாளே என்று பழைய எரிச்சல் மறுபடி எழுந்தது.

"நீங்க யாருக்குக்கா போட்டீக?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான்டி. வேற யாருக்குப் போடுவேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் விழுந்துபோனது.

"நீங்களாச்சும் மாத்திக் குத்தியிருப்பீகன்னு நெனச்சேன்க்கா. உங்கள்ட்டதான் யாரும் சத்தியம் வாங்கலையே."

பிறகு அவள் மொச்சையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. இருவரும் ஒன்றாகவே போய்ப் போட்டுவிட்டு வருகிறோம். அன்றைக்கு எங்கே குத்தினேன் என்பதை மட்டும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாள். அடுத்த நிமிஷம், ஏன் குத்தினீர்கள் என்று கேட்பாள்.